மழையைத் தேடிய கணிதவியலாளர்: சேர் கில்பேட் வோக்கரும் தென் அலைவும்

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் வெற்றி பெற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். அதற்கு விடை கண்டார். உலகம் அவரைப் போற்றியது என்னும் அமைப்பிலேயே நம் பாடநூல்கள் விஞ்ஞானிகளை அறிமுகஞ் செய்கின்றன. இவ்வமைப்புக்குள் அடங்காத அறிஞர் சிலரும் உளர். தமக்கென விதிக்கப்பட்ட பணியில் அவர்கள் வெற்றி காணவில்லை. தாம் கண்டதற்குக் காரணம் இதுவென விளக்கவும் அவர்களால் இயலவில்லை. எனினும் அவர்கள் இட்ட அடித்தளத்தின் மீதே பின்வந்தோர் கட்டடம் எழுப்பினர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை அவதான நிலையங்களின் தலைமை அதிபதியாகப் பணியாற்றிய சேர் கில்பேட் தோமஸ் வோக்கர் இத்தகையோருள் ஒருவர். இந்தியப் பருவமழையை முன்னறிதல் அவரது பதவியின் முதன்மையான கடமைகளுள் ஒன்று. நம்பத்தக்க முறையில் அதனை முன்னறியும் வழியைக் காணாமலே அவர் அப்பதவியினின்றும் ஓய்வு பெற்றார். ஆயின், அத்தேடலின்போது அவர் கண்ட 'தென் அலைவு' இன்று உலகக் காலநிலையியலின் தலையாய கருத்துக்களுள் ஒன்றாக விளங்குகின்றது. தோல்வியுற்ற ஒரு தேடல் இத்தகைய பயனை எவ்வாறு தந்தது என்பதனை அவரது கல்வி வரலாற்றோடும் ஆய்வு வரலாற்றோடும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஞ்சமும் வானிலைத் திணைக்களமும்

வோக்கரின் பணியை மதிப்பிடுவதற்கு முன்னர், அப்பணி ஏன் தோன்றியது என்பதனை அறிதல் வேண்டும். 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலும், அதனையடுத்த ஆண்டுகளில் பருவமழை பொய்த்தமையும் பிரித்தானிய இந்திய அரசைச் சிந்திக்க வைத்தன. 1875இல் இந்திய வானிலைத் திணைக்களம் நிறுவப்பட்டது. ஹென்றி பிளான்போட் அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டிலேயே பெருஞ்சோதனை வந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் சென்னை, மைசூர், பம்பாய் முதலிய பகுதிகளைப் பாழாக்கியது. இறந்தோர் தொகை ஏறத்தாழ 55 இலட்சம் என்பது ஒரு மதிப்பீடு. அதனினும் மிகக்கூடிய தொகையைத் தரும் மதிப்பீடுகளும் உள. அப்பஞ்சத்துக்குத் தப்பிச் சென்னை மாகாணத்திலிருந்து வெளியேறியோரிற் பெருந்தொகையினர் இலங்கைக் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். எனவே நம் மலையக மக்களின் வரலாற்றிலும் அப்பஞ்சம் பதிந்துள்ளது.

அப்பஞ்சத்தை மழையின் குற்றமாக மட்டும் கொள்ளுதல் தவறு. மக்கள் மடிந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. நிவாரண வேலைத்தலங்களில் உழைத்தோருக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசுமே போதுமென விதித்த அதிகாரிகளும் இருந்தனர். மழை குறைந்தமை இயற்கையின் செயல். அக்குறைவு பெருஞ்சாவாக மாறியதிலோ ஆட்சிக் கொள்கைக்குப் பெரும்பங்குண்டு. பஞ்சத்தை வானிலைப் பிரச்சினையாகக் காண்பது ஆட்சியாளருக்கு ஒருவகையில் வசதியாகவும் இருந்தது. இப்பின்னணியிலேதான் பருவமழை முன்னறிவிப்பு என்னும் துறை பிறந்தது. வோக்கரின் அறிவுப்பணியை நாம் மதிக்கும்போதும், அது ஓர் ஏகாதிபத்திய ஆட்சியின் தேவையையொட்டி எழுந்தது என்பதனை மறத்தலாகாது.

பஞ்சத்தின் பின்னர் மழையை முன்கூட்டியே அறிவிக்குமாறு அரசு பிளான்போட்டிடம் வேண்டியது. இமயமலையிற் பனி மிகுந்திருப்பின் அடுத்துவரும் பருவமழை குன்றும் என்னும் கருத்தை அவர் 1884இல் வெளியிட்டார். 1886ஆம் ஆண்டு முதல் பருவமழை பற்றிய முன்னறிவிப்பு ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. 1889இல் அவரைத் தொடர்ந்து பொறுப்பேற்ற சேர் ஜோன் எலியட், பனியோடு வேறு பல அறிகுறிகளையும் சேர்த்து நீண்ட அறிக்கைகளை வெளியிட்டார். 1899ஆம் ஆண்டு மழை நன்கு பெய்யுமென அவர் அறிவித்தார். அவ்வாண்டிலோ கொடிய வறட்சி நேர்ந்தது. மீண்டும் பஞ்சம் தலைவிரித்தாடியது. பத்திரிகைகளின் கண்டனம் பெருகவே, 1902 முதல் சில ஆண்டுகள் முன்னறிவிப்புக்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படாது இரகசிய ஆவணங்களாகவே வழங்கப்பட்டன. வோக்கர் ஏற்றுக்கொண்டது இத்தகைய நம்பிக்கையிழந்த ஒரு பணியையே.

கேம்பிரிட்ஜ் தந்த கணிதவியலாளர்

வோக்கர் 1868ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பொறியியலாளர். இலண்டன் சென் போல்ஸ் பாடசாலையிற் பயின்று, புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். 1889இல் கணிதச் சிறப்புத் தேர்வில் முதலிடம் பெற்று 'சீனியர் றாங்லர்' என்னும் பெருமைக்குரியவரானார். அக்காலத்தில் இங்கிலாந்தின் கல்வியுலகில் இதனினும் உயர்ந்த மாணவச் சிறப்பு இல்லையெனலாம். இத்தேர்வுக்கெனச் செய்த கடும் உழைப்பால் உடல்நலம் குன்றியது. சுவிற்சலாந்தில் மூன்று குளிர்காலங்களைக் கழித்து அவர் நலம் பெற்றார். அங்கேதான் பனிச்சறுக்கில் அவருக்கு வாழ்நாள் முழுதும் நீடித்த விருப்பம் ஏற்பட்டது.

1891இல் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் 1895இல் விரிவுரையாளராகவும் அவர் நியமனம் பெற்றார். அவருடைய ஆய்வு இயக்கவியலையும் மின்காந்தவியலையும் சார்ந்திருந்தது. மின்காந்தப் புலம் பற்றிய கட்டுரைக்காக 1899இல் அடம்ஸ் பரிசு கிடைத்தது. இவற்றோடு அவரது மனத்தைக் கவர்ந்த மற்றொரு பொருள் அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் 'பூமராங்' ஆகும். எறிந்தவனிடமே மீண்டுவரும் அவ்வெறிபடையின் இயக்கத்தை ஆராய்ந்து 1897இல் அவர் எழுதிய கட்டுரை, றோயல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் பின்புறத்துப் புல்வெளிகளில் அவர் பூமராங் எறிந்து சோதிப்பதைக் கண்ட நண்பர்கள் அவரைப் 'பூமராங் வோக்கர்' என்றே அழைத்தனர். புல்லாங்குழலின் அமைப்பையும் இசையையும் அவர் ஆராய்ந்தார். இவை வெறும் பொழுதுபோக்குக்களாகத் தோன்றினும் அவற்றினூடே ஒரு பொது இயல்பைக் காணலாம். பூமராங்கின் பறப்பும் குழலின் ஒலியும் காற்றின் விளையாட்டுக்களே; கண்ணுக்கு எளிதாகத் தோன்றிக் கணிதத்துக்கு அரிதாக இருப்பவை. அத்தகைய பொருள்களையே அவர் மனம் நாடியது.

இத்தகைய ஒருவரை எலியட் தமக்குப் பின் இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவராகத் தேர்ந்தது வியப்புக்குரியது. வோக்கர் வானிலையியலைக் கற்றவரல்லர். கேம்பிரிட்ஜில் அது தனிப்பாடமாக விளங்கவுமில்லை. எனினும் வானிலையியலாளர் கால் நூற்றாண்டு முயன்றும் அவிழ்க்க இயலாத முடிச்சை ஒரு கணிதவியலாளர் அவிழ்க்கக்கூடும் என்னும் எண்ணம் அத்தேர்வில் வெளிப்படுகின்றது. வோக்கர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வானிலை நிலையங்களைப் பார்வையிட்டபின் இந்தியா சென்று, 1904இல் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் றோயல் சங்கத்தின் உறுப்பினராகவும் தெரிவு செய்யப்பட்டார்.

எண்களினூடே ஒரு பாதை

புதிய பதவியில் அவர் முதலிற் செய்தது, தம்மால் இயலாததை ஏற்றுக்கொண்டமையாகும். இயக்கவியற் சமன்பாடுகளைத் தீர்த்து மழையைக் கணிப்பது சாத்தியமன்று. மேல்வளியைப் பற்றிய அவதானங்கள் போதாமலிருந்தன. சமுத்திரங்களைப் பற்றிய அறிவோ அதனினும் குறைவு. எனவே காரணத்தை நேராக அடையும் முயற்சியை ஒத்திவைத்து, உலகின் வெவ்வேறு இடங்களிலே பதிவான அமுக்கம், மழைவீழ்ச்சி, வெப்பநிலை என்பவற்றிடையே உறவுகள் உளவா என எண்களைக்கொண்டு தேட அவர் முற்பட்டார்.

இதற்கு அவருக்கு உதவிய கருவி, அப்பொழுது புதிதாக உருவாகியிருந்த இணைபுக் குணகமாகும். பிரான்சிஸ் கால்ற்றன் 1888இல் முன்வைத்த கருத்தைக் காள் பியர்சன் கணித முறையில் வகுத்திருந்தார். இரண்டு தொடர்கள் ஒன்றாகவே ஏறி இறங்குமாயின் இக்குணகம் +1 ஆகும். ஒன்று ஏற மற்றது அதே அளவில் இறங்குமாயின் –1 ஆகும். அவற்றிடையே இத்தகைய உறவு எதுவும் இல்லையெனிற் பூச்சியத்தை அண்மிக்கும். மனிதரின் உயரத்தையும் மரபுரிமையையும் ஆராய்வதற்குத் தோன்றிய இக்கருவியை உலக வானிலையை நோக்கித் திருப்பியமை வோக்கரின் பெருஞ்செயல் எனலாம். ஒரே காலத்து அவதானங்களை மட்டுமன்றி, ஒரு பருவத்து அமுக்கத்தை வேறிடத்தின் அடுத்த பருவத்து மழையோடும் முன்னைய பருவத்து மழையோடும் அவர் ஒப்பிட்டார். முன்னறிவிப்புக்கு வேண்டியது இத்தகைய காலதாமத உறவே.

இக்கணிப்புக்கள் யாவும் கையாற் செய்யப்பட்டவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கணனி இல்லாத அக்காலத்தில் சிம்லாவிலிருந்த அலுவலகத்தின் இந்திய எழுதுவினைஞர்கள் ஆண்டுக்கணக்காகக் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் ஆயிரக்கணக்கான எண்களை ஆக்கித் தந்தனர். இன்று தென் அலைவு என்றதும் வோக்கரின் பெயரையே கூறுகின்றோம். அக்கண்டுபிடிப்பின் ஒவ்வொரு குணகத்துக்கும் பின்னே பெயர் அறியப்படாத அவ்வெழுதுவினைஞரின் உழைப்பு மறைந்துள்ளது. குடியேற்றவாதக் காலத்து விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் இதனையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

இத்தேடலின் முதற்பயனாக, பல காரணிகளை ஒருங்கு சேர்க்கும் பிற்செலவுச் சமன்பாடு ஒன்றை வோக்கர் அமைத்தார். மே மாத இறுதியில் இமயத்தின் பனித்திரட்சி, தென் அமெரிக்காவின் இளவேனில் மாதங்களுக்குரிய அமுக்கம், மொரீசியசின் மே மாத அமுக்கம், சன்சிபாரின் ஏப்பிரல்–மே மழைவீழ்ச்சி என்னும் நான்கும் அதன் உறுப்புக்களாயின. இங்கு 'இளவேனில்' என்பது வடகோளக் கணக்கில் மார்ச் முதல் மே வரையுள்ள காலமாகும். பிளான்போட்டும் எலியட்டும் அனுபவத்தாலும் ஊகத்தாலும் நிறுத்துப் பார்த்த அறிகுறிகள் இப்பொழுது எண்ணளவான நிறையைப் பெற்றன. முன்னறிவிப்பு ஒருவரின் தனித்திறமையைச் சார்ந்த கலையாக இருந்த நிலை மாறி, எவரும் சரிபார்க்கத்தக்க கணிப்பாக அமைந்தது.

தம்மைத் தாமே ஐயுறல்

எனினும் வோக்கரின் சிறப்பை அச்சமன்பாட்டில் மட்டும் காண்பது போதாது. 1914இல், உறவுகளும் காலவட்டங்களும் மெய்யானவையா எனச் சோதிக்கும் அளவுகோல் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை பெருங்கவனத்துக்குரியது. பல இடங்களின் அவதானங்களை எடுத்து, அவற்றுள் மழையோடு மிக நெருங்கிய உறவுடையதை மட்டும் தெரிந்துகொள்ளும் ஆய்வாளன், தற்செயலாகத் தோன்றிய உறவையே மெய்யான உறவாக எண்ணி மயங்கக்கூடும் என்பது அதன் சாரம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மெய்யான தொடர்பு எதுவுமின்றியே, குறித்த அளவிலான பொய்யுறவு தோன்றுவதற்கு நூற்றுக்கு 5 வாய்ப்பு உண்டெனக் கொள்வோம். ஒரே ஒரு காரணியைச் சோதிப்பவன் ஏமாறுவதற்கு வாய்ப்புக் குறைவு. ஒன்றையொன்று சாராத 20 காரணிகளைச் சோதிப்பவனுக்கோ, குறைந்தது ஒரு பொய்யுறவாவது அகப்படுவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 64 வாய்ப்பு உண்டு. அவன் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி ஏனைய 19ஐயும் மறைத்துவிடின், கற்றோரும் நம்பிவிடுவர். இன்று மருத்துவம் முதல் பொருளியல் வரை பல துறைகளை வருத்தும் இப்பிரச்சினையை வோக்கர் நூறாண்டுக்கு முன்னரே தம் சொந்த ஆய்வின்மீதே ஏவிப் பார்த்தார். முன்னறிவிப்பு வேண்டுமென அரசு எதிர்பார்த்து நின்ற வேளையில், தாம் கண்ட உறவுகள் சிலவற்றின் மீது தாமே ஐயத்தை எழுப்புவது எளிதான செயலன்று.

இதே மனப்பான்மை அவருடைய வேறு ஆய்வுகளிலும் காணப்படுகின்றது. காடழிப்பினால் இந்தியாவின் மழை நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்பன போன்ற கருத்துக்கள் அக்காலத்தே பரவியிருந்தன. 1910இல் வெளியிட்ட ஆய்வில் அவர் பதிவேடுகளைப் பரிசோதித்து, நிரந்தரமான மாற்றத்துக்குப் போதிய சான்றில்லை எனக் காட்டினார். சூரியகளங்கங்களே மழையை ஆளுகின்றன என்னும் கருத்து அந்நாளில் நோமன் லொக்கியர் போன்ற பெரும் வானியலாளரின் ஆதரவைப் பெற்றிருந்தது. வோக்கர் 1915இல் வெளியிட்ட கட்டுரைகளிற் சூரியகளங்கங்களை உலகின் பல நிலையங்களின் மழை, வெப்பநிலை, அமுக்கம் என்பவற்றோடு தனித்தனியே ஒப்பிட்டார். கிடைத்த உறவுகள் முன்னறிவிப்புக்குப் பயன்படாத அளவுக்கு நலிந்தவையாகவே இருந்தன.

சென்னையில் ஒரு நாள்

இவ்விடத்து, வோக்கரின் வாழ்க்கை தமிழகத்தோடு நேராகத் தொடர்புற்ற நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடல் பொருந்தும். 1913 பெப்ரவரியில் அவர் பணியின் நிமித்தம் சென்னைக்கு வந்திருந்தார். அப்பொழுது சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபா ஊதியம் பெறும் எழுதுவினைஞராகச் சீனிவாச இராமானுசன் பணியாற்றி வந்தார். கழகத்தின் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங் இராமானுசனின் குறிப்பேடுகளை வோக்கரிடம் காட்டினார். அடுத்த நாளே, பெப்ரவரி 26இல், வோக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். அக்கணிதப் பகுதி தமது சிறப்புத் துறையன்று என்பதனை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அதிற் கண்ட சுயசிந்தனை கேம்பிரிட்ஜ் ஆய்வுறுப்பினர் ஒருவரின் ஆக்கத்தோடு ஒப்பிடத்தக்கதெனவும், பிழைப்பைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் இவருக்கு வழிசெய்தல் தகுமெனவும் பரிந்துரைத்தார். பேராசிரியர் ஹார்டியின் கடிதமும் அம்மாதத்திலேயே வந்து சேர்ந்திருந்தது. இவற்றின் பயனாக, மாதம் 75 ரூபா வீதம் இரண்டாண்டுக்கு ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் இராமானுசனுக்குக் கிடைத்தது.

தாம் முற்றும் அறியாத ஒன்றின் மதிப்பை உணர்தலும், தம் அறிவின் எல்லையைக் கூறியபின்னரே தீர்ப்பு வழங்குதலும் அக்கடிதத்தில் ஒருங்கே காணப்படுகின்றன. 1914ஆம் ஆண்டுக் கட்டுரையில் எண்களை அணுகிய முறையும் இதுவே.

உலக வானிலையின் மூன்று அலைவுகள்

வோக்கரின் பதவிக்காலம் முடிவுறும் தறுவாயில் அவரது தேடல் எதிர்பாராத திசையில் விரிந்தது. இந்திய மழைக்கு அறிகுறி தேடி உலகெங்கும் சென்றவர், இறுதியில் உலக வானிலையின் அமைப்பையே காணலானார். இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1877இன் வறட்சியின்போது ஆசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அமுக்கம் உயர்ந்திருந்ததைப் பிளான்போட் கண்டிருந்தார். இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒரே காலத்தில் வறட்சி நேர்வதைச் சாள்ஸ் ரொட் 1888இல் எடுத்துக்காட்டினார். தென் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அமுக்கம் எதிரெதிராக மாறுவதைச் சுவீடன் நாட்டு ஹில்டபிரான்சன் 1897இற் சுட்டினார். இவை தனித்தனி முத்துக்களாகவே கிடந்தன. வோக்கர் அவற்றை ஒரே சரத்திற் கோத்தார்.

1923இலும் 1924இலும் வெளிவந்த கட்டுரைகளில் அவர் மூன்று பேரலைவுகளை இனங்கண்டார். முதலாவது, ஐஸ்லாந்துப் பகுதிக்கும் அசோர்ஸ் பகுதிக்கும் இடையே நிகழும் வட அத்திலாந்திக் அலைவு. இரண்டாவது, வட பசுபிக் அலைவு. மூன்றாவதும் மிகப் பெரியதுமான அலைவுக்குத் 'தென் அலைவு' எனப் பெயரிட்டார். பசுபிக் சமுத்திரத்தின் சமோவா, ஹொனலூலு, தென் அமெரிக்கா முதலிய இடங்களில் அமுக்கம் உயரும்போது, இந்து சமுத்திரத்தைச் சூழ்ந்த டார்வின், மொரீசியஸ், தென்கிழக்கு அவுஸ்திரேலியா, வடமேற்கு இந்தியா முதலிய இடங்களில் அது தாழ்கின்றது. அக்காலத்தே இந்தியாவிலும் சாவகத்திலும் மழை மிகுகின்றது. சிலகாலத்தின் பின் இந்நிலை தலைகீழாகின்றது. உலகின் பாதியைத் தழுவிய ஒரு துலாவின் இரு தட்டுக்களைப் போன்று இவ்விரு சமுத்திரங்களின் வளிமண்டலமும் ஏறி இறங்குகின்றது.

இங்கே ஒரு முரண் நேர்ந்தது. அவ்வலைவின் போக்கை ஆராய்ந்தபோது, இந்தியப் பருவமழை தனக்கு முன் நிகழ்பவற்றோடு கொண்டிருந்த உறவிலும், தனக்குப் பின் நிகழ்பவற்றோடு கொண்டிருந்த உறவே நெருக்கமாக இருந்தது. பிற்காலத்தில் அத்திணைக்களத்தின் தலைவராயிருந்த சேர் சாள்ஸ் நோர்மண்ட் 1953இல் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். இந்திய மழையைக்கொண்டு உலகின் பிற பகுதிகளின் வானிலையை ஓரளவு கூறலாம். பிற பகுதிகளின் வானிலையைக்கொண்டு இந்திய மழையைக் கூறுவதே அரிது. எதனை முன்னறிய வோக்கர் இருபது ஆண்டுகள் உழைத்தாரோ, அதுவே முன்னறிதற்கு மிக அரியதாக அமைந்துவிட்டது.

இலண்டனும் இறுதிக் காலமும்

1924இல் சேர் பட்டம் பெற்று இந்தியாவிலிருந்து மீண்ட வோக்கர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலையியற் பேராசிரியராகப் பத்தாண்டுகள் பணியாற்றினார். உலக வானிலை பற்றிய கட்டுரைத் தொடர் அங்கும் தொடர்ந்தது. மெல்லிய பாய்பொருட் படைகளில் வெப்பத்தால் எழும் ஓட்டங்களை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, முகில்கள் வரிவரியாக அமைவதன் காரணத்தையும் மாணவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். டார்வின் துறைமுகத்தின் அமுக்கத் தொடரில் மெய்யான காலவட்டம் உண்டா என ஆராய்ந்து 1931இல் அவர் எழுதிய கட்டுரை புள்ளிவிபரவியலுக்கு நிலையான கொடையாயிற்று. அதற்கு முன் 1927இல் உட்னி யூல் சூரியகளங்கத் தொடரைக்கொண்டு அமைத்த முறையை அது பொதுமைப்படுத்தியது. காலத்தொடர்களை ஆராயும் மாணவர்கள் இன்று 'யூல்–வோக்கர் சமன்பாடுகள்' எனக் கற்பவை இவையே.

அவர் 1958 நவம்பர் 4ஆம் நாள் தம் தொண்ணூறாவது வயதிற் காலமானார். அப்பொழுது அவரது ஆய்வைப் பற்றிய பொதுக் கணிப்பு உயர்ந்ததாக இருக்கவில்லை. வோக்கர் கண்ட உறவுகள் சில, புதிய ஆண்டுகளின் அவதானங்களைச் சேர்த்ததும் நலிந்து போயின. காரணம் கூறாத இணைபுகளைத் திரட்டுவதால் உலக வானிலைக்கு ஒரு கொள்கை பிறந்துவிடாது என அறிஞர் கருதினர். அவர் மறைந்தபின் வெளிவந்த இரங்கற் குறிப்பும் இவ்வையத்தை மறைக்கவில்லை. நோர்வேயில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் தோற்றுவித்த பௌதிகவழிப்பட்ட வானிலையியலே அந்நாளில் துறை முழுதையும் ஆண்டது.

காரணம் வெளிப்படல்

வரலாற்றின் விந்தை யாதெனில், அந்த வில்ஹெல்மின் மகனாகிய ஜேக்கப் பியர்க்னெஸே வோக்கரை மீட்டார் என்பதாகும். 1957–58ஆம் ஆண்டுகளிற் சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டபோது பசுபிக் சமுத்திரம் முன்னொருபோதுமில்லா வகையில் அவதானிக்கப்பட்டது. அதே காலத்தில் வலிமைமிக்க 'எல் நினோ' ஒன்றும் நிகழ்ந்தது. பெரு நாட்டுக் கரையோரத்திற் கடல்நீர் சூடேறும் இந்நிகழ்ச்சியை அந்நாட்டு மீனவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அவ்வெப்பம் கரையோடு நில்லாது சமுத்திரத்தின் நடுப்பகுதி வரை பரவியிருப்பது அப்பொழுது தெரியவந்தது. இதனை வோக்கரின் அலைவோடு இணைத்து 1969இல் பியர்க்னெஸ் தம் விளக்கத்தை வெளியிட்டார்.

அவ்விளக்கத்தைச் சுருங்கக் கூறலாம். வழமையான காலத்தில் வியாபாரக் காற்றுக்கள் வெப்பமான மேற்பரப்பு நீரை மேற்குப் பசுபிக்கை நோக்கித் தள்ளுகின்றன. கிழக்கே பெருவின் கரையோரத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகின்றது. மேற்கே வெப்பமான வளி எழுந்து மழையைப் பொழிவித்து, மேல்வளியினூடே கிழக்கு நோக்கிச் சென்று, குளிர்ந்த கடலின்மேல் இறங்குகின்றது. இச்சுற்றோட்டத்துக்குப் பியர்க்னெஸ் 'வோக்கர் சுற்றோட்டம்' எனப் பெயரிட்டார். கிழக்கே கடல் வெப்பமுறின் அமுக்க வேறுபாடு குறையும். வேறுபாடு குறையக் காற்றுத் தளரும். காற்றுத் தளரக் கடல் மேலும் வெப்பமுறும். காற்றும் கடலும் ஒன்றையொன்று தூண்டும் இவ்வுறவே அலைவின் அடிப்படை. வோக்கர் வளிமண்டலத்தில் மட்டும் தேடிய காரணத்தின் மறுபாதி சமுத்திரத்தில் இருந்தது. அக்காலத்துச் சமுத்திர அவதானங்களைக்கொண்டு அதனை அவர் கண்டிருத்தல் அரிது. இன்று பின்னோக்கி ஆராயும்போது 1877–78இலும் வலிமைமிக்க எல் நினோ ஒன்று நிகழ்ந்தமை புலனாகின்றது. மழையை முன்னறியும் முயற்சிக்கு வித்திட்ட வறட்சியே தென் அலைவின் விளைவாக இருந்தது.

ஆயினும் தேடல் முடிந்துவிடவில்லை. 1997இல் எல் நினோ மிக வலிமையுற்றிருந்தும் இந்தியாவில் மழை ஏறத்தாழ இயல்பான அளவிற் பெய்தது. 2002இல் இயல்பான மழையே எதிர்வுகூறப்பட்டிருந்தது. பருவமழையோ ஏறத்தாழ 19 சதவீதம் குறைந்து வறட்சி நேர்ந்தது. இந்து சமுத்திரத்தின் கிழக்கும் மேற்கும் வெப்பநிலையில் எதிரெதிராக மாறுவதும் மழையைப் பாதிக்கின்றது என்பது 1999இல் எடுத்துக்காட்டப்பட்டது. உறவுகள் காலத்தோடு மாறக்கூடும் என்னும் எச்சரிக்கை இன்னும் தேவையாகவே உள்ளது.

நம் நாட்டை நோக்கின், இவ்வலைவு பற்றிய பொதுக்கருத்து ஒன்று திருத்தப்படவேண்டியுள்ளது. எல் நினோ என்றதும் வறட்சி என எண்ணுவது வழக்கம். இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் பொறுத்து அது பெரும்பாலும் பொருந்தும். இலங்கையிலும் தமிழகத்தின் தென்பகுதியிலுமோ, எல் நினோ ஆண்டுகளில் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மழை இயல்பிலும் கூடுவதே பொதுவான போக்காகும். 1983இல் ரஸ்முசன், காப்பென்ரர் ஆகியோர் இந்தியாவையும் இலங்கையையும் ஒருங்கே எடுத்து வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைக் காட்டியது. பெரும்போக நெற்செய்கைக்கு அடிப்படையான மழை இதுவாதலின், வன்னியிலும் கிழக்கிலும் குளங்களை நம்பி வாழும் உழவருக்கு இவ்வறிவு நேரான பயனுடையது. ஓரிடத்தில் வறட்சியைக் குறிக்கும் அடையாளம் பிறிதோரிடத்தில் வெள்ளத்தைக் குறிக்கலாம் என்பதனை, அவ்வவ்விடத்துப் பதிவேடுகளை ஆராய்ந்தாலன்றி அறிய இயலாது.

முடிவுரை

வோக்கரின் வாழ்வைத் தொகுத்து நோக்குமிடத்து, அவரது பெருமைக்குரியனவாக இரண்டைக் கூறலாம். காரணம் தெரியாத நிலையிலும், தெரிந்ததுபோலக் காட்டும் கொள்கை எதனையும் அவர் புனையவில்லை. கண்ட ஒழுங்கை மட்டும் கண்டவாறே பதிந்து வைத்தார். தம் முடிவுகளைச் சோதிக்கும் அளவுகோலையும் தாமே வகுத்தளித்தார். அந்நேர்மையினாலேயே ஏறத்தாழ 45 ஆண்டுகளின் பின்னர் பியர்க்னெஸ் அவ்வெண்களை நம்பி எடுத்தாள முடிந்தது. அவர் தம் முன்னறிவிப்பை நிலைநாட்டும் பொருட்டு எண்களை வளைத்திருப்பின், இன்று எஞ்சியிருப்பது ஒரு பொய்த்த சமன்பாடு மட்டுமே.

பல்கலைக்கழக ஆய்வு இன்று எண்ணற்ற தரவுகளின் நடுவே நிகழ்கின்றது. வோக்கரின் எழுதுவினைஞர்கள் ஆண்டுக்கணக்கிற் செய்த கணிப்பைக் கணனி ஒரு நொடியிற் செய்து முடிக்கின்றது. உறவுகளைக் கண்டுபிடிப்பது மிக எளிதாகியுள்ள காரணத்தாலேயே, பொய்யுறவைக் களைவது முன்னிலும் அவசியமாகியுள்ளது. எத்தனை காரணிகளைச் சோதித்தோம், அவற்றுள் எத்தனையைக் கைவிட்டோம் என்பதனை மறைக்காது கூறும் துணிவு, ஆய்வில் இறங்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் வோக்கரிடமிருந்து கற்கவேண்டிய முதற்பாடமாகும்.